எக்ஸ்பிரஸ் போட்ட தரை

அந்த மனிதருக்கு எக்ஸ்பிரஸ் என்று பேர் வைத்தது அவர் மனைவிதான். நகரப் பேருந்து ஓட்டியவர். வண்டியில் உட்கார்ந்திருக்கும் வரை ஒழுங்கு என்றால் அப்படியொரு ஒழுங்கு; ஒரு புகார் கிடையாது, ஒரு இடி கிடையாது. வண்டியை விட்டு இறங்கிவிட்டால் போதும், காலில் சக்கரம் கட்டிக்கொள்வார். சாப்பாட்டை மெல்ல மாட்டார், விழுங்குவார். வேடிக்கைக் கதை சொல்ல ஆரம்பித்தால் முடிவை முதலில் சொல்லிவிட்டு, ஏன் யாரும் சிரிக்கவில்லை என்று பார்ப்பார். "எங்க எக்ஸ்பிரஸ் எந்த ஸ்டாப்லயும் நிக்காது" என்று அவள் தன் தையல் கடைக்கு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். பேர் தெரு முழுக்கப் பரவிவிட்டது. கடைசியில் அவருடைய சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே வேறு யாரையோ என்று நினைத்துக்கொள்ளும் நிலை வந்தது.

கூடத்தில் மரத்தரை போட வேண்டும் என்பது அவருடைய ஆசை, அவளுடையது அல்ல. தினமும் பேருந்தில் கடந்துபோகிற ஒரு கடையின் கண்ணாடிக்குப் பின்னால் அதைப் பார்த்திருந்தார். விரல் தடிமனில் சின்னச் சின்ன மரக்கட்டைகள். ஒன்றின் தலை இன்னொன்றின் விலாவில் முட்டும்படி சாய்த்துச் சாய்த்து அடுக்கினால் தரை முழுக்கச் சடை பின்னியது போல ஓடும். பார்க்கே என்று கடைக்காரர் வாய் நிறையச் சொன்னார். ஆள் வைத்துப் போடுங்கள் என்றார். பெட்டியைத் திறந்து வைத்து, மரம் அந்த வீட்டுக் காற்றுக்குப் பழகும்வரை கொஞ்ச நாள் விடுங்கள் என்றும் சொன்னார். இவரா விடுகிறவர்? பெட்டிகள் வந்து இறங்கிய அன்றே பசை டப்பாவைத் திறந்துவிட்டார். பல் வைத்த கரண்டியால் சீராக இழுத்துப் பரப்ப வேண்டிய பசையை அங்கங்கே உருண்டை உருண்டையாக வைத்து, கட்டைகளை மேலே அமுக்கினார். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் இண்டு இடுக்கு இல்லாமல் இறுக்கி அடித்தார்.

கழுத்தில் அளவு நாடாவோடு அவள் வந்து நின்று பார்த்தாள்.

"என்னங்க, ஓரத்துல கொஞ்சம் இடம் விடுங்க. இப்படியா சுவர் முட்ட அடிப்பாங்க?"

"மரம் என்ன சட்டையா, குண்டானா பிரிச்சு விட?"

"மழை வந்தா மரமும் குண்டாகும். கதவு சாத்த முடியாம நீங்க எட்டி உதைக்கறதில்ல?"

"நீ போய் உன் கத்தரிக்கோலைப் பாரு தாயே."

அவள் போய்விட்டாள். வேலை முடிந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்த்தாள். "ரொம்ப நல்லா இருக்குங்க" என்றாள். அவருக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் ஒருவர் விடாமல் கூட்டி வந்து காட்டினார்.

முதல் மழைக்கே கூடத்தின் நடுவில் தரை புடைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு மழைக்காலம்தோறும் இதே கூத்துதான். கட்டைகள் உப்பும், போக இடமில்லாமல் ஒன்றை ஒன்று நெட்டித் தள்ளும், நடுவில் கூரை போல எழும்பும். எக்ஸ்பிரஸ் வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் அதன் இடுக்கில் பசையை ஊற்றி, மேலே இரும்புப் பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு ஓடுவார். "பார்த்து வாங்க, நடுவுல மேடு இருக்கு. வீட்டுக்குள்ளயே ஸ்பீட் பிரேக்கர் போட்ட ஒரே டிரைவர் எங்க வீட்டுக்காரர்தான்" என்று அவள் விருந்தாளிகளை வரவேற்பாள். அவரும் சேர்ந்து சிரிப்பார். குழந்தை இல்லாத வீடு. அந்த மேட்டை வைத்து அவர்கள் சிரித்த சிரிப்பு கொஞ்சநஞ்சமல்ல.

வியாதி கத்தரிக்கோலில்தான் முதலில் தெரிந்தது. ஒரு சட்டைக்கு இரண்டு இடக்கைகளை வெட்டி வைத்தாள். அவள் கையால் அப்படியொரு தப்பா என்று வாடிக்கைக்காரர்களே நம்பவில்லை. பிறகு அளவு நாடாவை வைத்துக்கொண்டு இது எதற்கு என்று கேட்டாள். கடையை மூடினார்கள். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது அவளுக்குப் பாதி உலகம் போயிருந்தது. அப்போதும் அவரை மட்டும் விடாமல் பிடித்து வைத்திருந்தாள். அதுவாவது மிச்சம் என்று அவர் இருந்தார்.

ஒரு மழைக்காலக் காலையில் அதுவும் போயிற்று. கண் விழித்தவள் பக்கத்தில் படுத்திருந்தவரைப் பார்த்து அலறினாள். "யாருடா நீ? என் வீட்டுக்காரர் வந்தார்னா உன்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவார்!" அவர் கிட்டே போகப் போகச் சத்தம் கூடியது. அக்கம்பக்கத்தார் வந்து கதவைத் தட்டினார்கள். எல்லோருக்கும் அவரைத் தெரியும், அவளுக்கு மட்டும் தெரியவில்லை. சட்டையைக்கூட மாட்டாமல் மாடிப்படியில் வந்து உட்கார்ந்தார். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அவளுடைய தங்கை தனிக்கட்டை. மருந்துக் கடையில் வேலை. தகவல் தெரிந்ததும் துணிமணியோடு அக்கா வீட்டுக்கே வந்துவிட்டாள். அவளைப் பார்த்து அக்கா பயப்படவில்லை. அவளுக்குத் தங்கை இன்னும் தங்கைதான். டாக்டர் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னார். வீட்டில் ஒரு அந்நிய ஆண் இருக்கிறான் என்று அவங்க நம்பும்வரை பயம் போகாது. பயத்தில் கதவைத் திறந்துகொண்டு தெருவில் ஓடினாலும் ஓடுவாங்க. பகலில் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லையென்றால் காப்பகத்தில் சேர்ப்பதுதான் நல்லது. அந்நிய ஆண் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

சும்மா விட்டுவிடவில்லை அவர். கல்யாணமான புதிதில் இருந்த கோலத்தைப் பார்த்தால் நினைவு வருமோ என்று, நரைத்த மீசைக்குக் கறுப்பு மை பூசி, பழைய காக்கிச் சட்டையை வயிற்றை எக்கிப் போட்டுக்கொண்டு போய் நின்றார். அவள் முன்னைவிட அதிகமாக அலறினாள். மை மீசையோடு நிற்கவில்லை, உதட்டிலும் ஏறியிருந்தது. அன்று தங்கை அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அடுக்களைக்குள் போய்விட்டாள்.

கடைசியில் கைகொடுத்தது தரைதான். அந்த வாரம் மழை பிடித்துக்கொண்டு, கூடத்தில் என்றைக்கும் இல்லாத அளவுக்குத் தரை எழும்பியது. அவள் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்த நேரம் பார்த்து அவர் உளியும் கொட்டாப்புளியுமாக வந்து மேட்டைப் பெயர்க்க உட்கார்ந்தார். திரும்பிப் பார்த்தால் அவள் வாசற்படியில் நிற்கிறாள். அலறப் போகிறாள் என்று உளியைக் கீழே போட்டார்.

"வந்துட்டீங்களா மேஸ்திரி? எத்தனை தடவை சொல்லியிருப்பேன் இவர்கிட்ட, ஆளைக் கூப்பிடுங்க, ஆளைக் கூப்பிடுங்கன்னு! கேட்டாத்தானே."

அலறவில்லை. முகத்தில் பயத்தின் சாயல்கூட இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஆமாம்மா" என்றார் அவர். கல்யாணமான நாளிலிருந்து 'ஏய், இந்தா' என்று கூப்பிட்டவளை அன்றுதான் முதல் தடவையாக அம்மா என்றார். "இப்பதான் சொல்லி அனுப்பினார்."

அன்றிலிருந்து அதுவே ஏற்பாடு. காலையில் அவள் எழுவதற்கு முன்னால் அவர் கருவிப் பையோடு வெளியே போய்விடுவார். பிறகு வந்து மணி அடிப்பார். "மேஸ்திரி வந்திருக்கார் அக்கா" என்று தங்கை கதவைத் திறந்துவிட்டு வேலைக்குக் கிளம்புவாள். சாயங்காலம் அவள் திரும்பியதும் மேஸ்திரி விடைபெறுவார். அக்கா தூங்கிய பிறகு சத்தமில்லாமல் வந்து, சாமான் அறையில் பாயைப் போட்டுப் படுப்பார். காப்பகப் பேச்சு தள்ளிப் போயிற்று. தன் வீட்டுக்குள் தானே திருடன் மாதிரி வந்து போகிறோமே என்று அவருக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனாலும் காலையில் மணி அடிக்கும்போது, கதவு திறக்கும்போது, அவள் "வாங்க மேஸ்திரி" என்று சொல்லும்போது, பெண் பார்க்க வந்தவனுக்கு அடிப்பது போல நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

அவர் கட்டைகளைப் பெயர்ப்பார். ஒவ்வொன்றின் முதுகிலும் சுண்ணாம்புக் கட்டியால் எண் எழுதி வரிசையாக அடுக்குவார். காய்ந்த பசையைச் சுரண்டுவார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பாள். பேச்செல்லாம் வீட்டுக்காரரைப் பற்றித்தான்.

"நல்ல மனுஷன், மேஸ்திரி. குடி கிடையாது, கெட்ட பழக்கம் ஒண்ணும் கிடையாது. அவசரம், அது ஒண்ணுதான். எனக்கு இந்த மரத்தரையே பிடிக்காது, தெரியுமா? நல்லா இருக்குன்னு சொல்லி வச்சேன். சின்னப் பிள்ளை மாதிரி மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்குவார், பாவம்."

எக்ஸ்பிரஸ் சுரண்டுவதை நிறுத்திவிட்டார். தெருவையே கூட்டிவந்து காட்டிய தரை அது.

சுவரில் மாட்டியிருந்த படத்தை அவளே எடுத்து வந்து காட்டினாள். காக்கிச் சட்டையில், பேருந்தின் மேல் கையை ஊன்றிக்கொண்டு, அடர்ந்த மீசையோடு ஒரு வாலிபன். "இவர்தான். எப்படி இருக்கார் பாருங்க!" என்றாள். அவள் குரலில் இருந்த பெருமையைக் கேட்டு அவருக்கு அந்த வாலிபன் மேல் பொறாமையே வந்துவிட்டது. "கொடுத்து வச்சவர்மா" என்று சொல்லிவிட்டு உளியைத் தேடுகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இன்னொரு நாள் சொன்னாள்: "நீங்க பரவாயில்ல மேஸ்திரி. காலையில வந்தா சாயங்காலம் வரைக்கும் ஒரே இடத்துல உக்காந்து, நான் பேசறதெல்லாம் கேக்கறீங்க. எங்க எக்ஸ்பிரஸ் இப்படி ஒரு நாள்கூட என்கூட உக்காந்தது இல்ல. என்னைக்காவது உக்காருவார், வயசானப்புறமாவது உக்காருவார்னு நானும் பார்த்துக்கிட்டே இருக்கேன்."

ஓய்வு பெற்ற பிறகும் சங்கம், சந்திப்பு, டீக்கடை என்று ஓடிக்கொண்டிருந்தவர் அவர். இப்போது நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். அவளுக்கோ உட்கார்ந்திருப்பது மேஸ்திரி. "வருவார்மா" என்று மட்டும் சொன்னார்.

வேலை முடிந்தால் மேஸ்திரிக்கு அந்த வீட்டில் இடமில்லை. அது அவருக்கு நன்றாகத் தெரியும். ஆகவே உலகத்திலேயே அவசரக்காரரான எக்ஸ்பிரஸ், உலகத்திலேயே மந்தமான மேஸ்திரி ஆனார். முந்தாநாள் ஒட்டியதை இன்று பெயர்ப்பார். வரிசை தப்பிவிட்டது என்பார். பசை சரியில்லை, மரம் காயவில்லை, வானம் மூடியிருக்கிறது என்பார். மழைக்காலம் முடிந்து வெயில் வந்தது; அப்போதும் மேஸ்திரி ஈரம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு சாயங்காலம் தங்கை படியில் வைத்துக் கேட்டாள்: "அத்தான், ஜன்னலோரம் போன வாரமே முடிச்சிட்டீங்களே?"

"லேசா ஆடுது."

"ஆடல அத்தான். நான் மிதிச்சுப் பார்த்தேன்."

அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.

அப்படிப் பெயர்த்துப் போட்ட ஜன்னலோரத்தில்தான் அவர் மனைவி விழுந்தாள். மேஸ்திரிக்கு டீ போட்டு எடுத்து வருகிறேன் என்று பிடிவாதம் பிடித்து, ஆறிப்போன தண்ணீரில் சர்க்கரையைக் கலக்கி, தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். மூடாமல் விட்ட குழியின் விளிம்பு காலைத் தட்டிவிட்டது. வலது மணிக்கட்டு மடங்கி விழுந்தாள். கத்தரிக்கோல் பிடித்த கை. தேவையே இல்லாமல், அவள் பக்கத்தில் இன்னும் ஒரு நாள் உட்கார வேண்டும் என்பதற்காக மட்டும் அவர் தோண்டி வைத்த குழி.

அவர் தூக்கி மடியில் சாய்த்துக்கொண்டார். அவள் வலியில் துடித்தாள்.

"அவரைக் கூப்பிடுங்க மேஸ்திரி. சீக்கிரம் வரச் சொல்லுங்க. நான் விழுந்துட்டேன்னு சொன்னா ஓடி வந்துடுவார்."

"நான்தான்டி. இந்தா, என்னைப் பாரு. நான் வந்துட்டேன்."

அவள் பார்த்தாள். நன்றாக, நிதானமாகப் பார்த்தாள். பிறகு குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னாள்: "நீங்க இல்லை. அவர்."

கட்டுப் போட்டுக் கூட்டி வந்தார்கள். அன்று ராத்திரி சாப்பிடவில்லை அவர். மறுநாள் தங்கையிடம் சொன்னார்: "காப்பகத்துல இடம் கேட்டு வை. நான் தரையை முடிச்சிடறேன்."

"அவசரம் ஒண்ணும் இல்ல அத்தான். குழியை மட்டும் மூடிட்டு மெதுவா..."

"மெதுவாச் செஞ்சுதான் அவ கையை உடைச்சேன்."

அதற்குப் பிறகு அவர் செய்த வேலை, இதற்கு முன்னால் ஒரு தடவையாவது அவர் அப்படிச் செய்திருக்கக் கூடாதா என்று ஏங்க வைக்கிற வேலை. ஓடவும் இல்லை, இழுத்தடிக்கவும் இல்லை. கட்டைகள் எல்லாவற்றையும் எடுத்தார். அடித்தரையைச் சுத்தமாகச் சுரண்டி, மேடு பள்ளம் நிரவினார். ரசமட்டம் வைத்துப் பார்த்தார். பல் வைத்த கரண்டியால் பசையைக் கோடு கோடாக இழுத்து, முதுகில் இருந்த எண்ணைப் பார்த்து ஒவ்வொரு கட்டையாகப் பதித்தார். சுவரோரக் கட்டைகளை ஒரு விரல் அகலம் அறுத்துத் தள்ளினார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஜன்னல்களைத் திறந்து வைத்து வார்னிஷ் அடித்தார். அவள் கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஓரப் பட்டியை அடிப்பதற்கு முன்னால் அவளே எழுந்து வந்தாள். செருப்பில்லாத காலால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தாள். எங்கேயும் தட்டவில்லை. சுவரோரம் குந்தி உட்கார்ந்து, தைத்த துணியின் மடிப்பைத் தடவிப் பார்ப்பது போல இடது கை விரலை அந்த இடைவெளியில் விட்டு ஓட்டினாள்.

"இடம் விட்டிருக்கீங்களே!" அவள் முகம் மலர்ந்துவிட்டது. "இதைத்தான் மேஸ்திரி அவர்கிட்ட தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாரா?"

"கேட்டிருக்கணும்மா."

"நீங்க கேட்டீங்க பாருங்க."

"நீங்க சொல்லித்தான்மா விட்டேன்" என்றார். அது பொய்யில்லை. பட்டியை வைத்து அடித்தார். ஒவ்வொரு ஆணியாக, கடைசி ஆணிவரை அடித்தார். அடிக்க இனி எதுவும் இல்லை.

தங்கை வேலையிலிருந்து வந்துவிட்டாள். மேஸ்திரி கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். அக்காவும் கூடவே வந்தாள்.

"உங்க வீட்ல யார் இருக்காங்க மேஸ்திரி?"

"என் வீட்டம்மா."

"சீக்கிரம் போங்க அப்போ. பார்த்துக்கிட்டே இருப்பாங்க. காத்துக்கிட்டு இருக்கறது ரொம்பக் கஷ்டம், எனக்குத் தெரியும்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். கதவு மூடியது. உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

காப்பகத்தில் இடம் கிடைத்துவிட்டது. காப்பக வண்டி வரவிருந்த காலையில் அவர் வழக்கம்போல வெளியே போய், வழக்கம்போல வந்து மணி அடித்தார். கையில் பை இல்லை. உள்ளே தங்கை பெட்டி அடுக்கிக்கொண்டிருந்ததால் அக்காவே வந்து கதவைத் திறந்தாள். சங்கிலியை எடுக்கவில்லை. சங்கிலி விட்ட அளவுக்குத்தான் கதவு திறந்தது. அந்த இடைவெளியில் அவளுடைய ஒரு கண்ணும், கட்டுப் போட்ட கையும் தெரிந்தன.

"யாரு?"

"தரை வேலை செஞ்சேன்ல அம்மா..."

அவள் யோசித்தாள். திரும்பித் தரையைப் பார்த்தாள். "தரை நல்லாத்தானே இருக்கு? வேலை ஒண்ணும் இல்லையே."

"வேலைக்கு வரல. உங்க வீட்டுக்காரரை ஒரு தடவை பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

"அவரா? அவர் இன்னும் வரலையே." குரல் தணிந்தது. "ஆம்பிளை இல்லாத வீடு, உள்ள கூப்பிட முடியாது. தப்பா நினைச்சுக்காதீங்க."

"இல்லம்மா. நான் இங்கயே இருக்கேன்."

அவர் வெளியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். கதவு மூடிவிடும் என்று நினைத்தார். மூடவில்லை. உள்ளே அவளும் மெதுவாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு, அவர் போட்ட தரையில் உட்காருவது தெரிந்தது. தெருவில் ஒரு வண்டி வந்து நின்றது. அதன் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

"இருக்கீங்களா?" என்றாள் உள்ளேயிருந்து.

"இருக்கேம்மா."

"வந்துடுவார். வந்ததும் நான் சொல்றேன், நீங்க அவருக்காக ரொம்ப நேரம் உக்காந்திருந்தீங்கன்னு."

"சொல்லுங்கம்மா" என்றார் அவர்.